பிரித்து மாற்றுவதும் ஒட்டிச் சேர்ப்பதும்: மரப்படகு, ஃபைபர் படகு உடற்கட்டுச் சீரமைப்பு குறித்து ஓர் ஒப்பாய்வு

சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்களில் இன்று மணலில் ஏற்றி வைத்திருக்கும் படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள். ஒரு தலைமுறைக்கு முன் அதே மணலில் கட்டுமரங்களும் பலகைப் படகுகளும் கிடந்தன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை அவற்றில் ஆயிரக்கணக்கானவற்றை உடைத்துப் போட்டது. நிவாரணமாகக் கரைக்கு வந்து சேர்ந்தவற்றில் பெரும்பங்கு ஃபைபர். அவசரத்தில் முளைத்த பட்டறைகளில் கட்டப்பட்டவற்றின் தரம் ஒரே சீராக இருக்கவில்லை. அந்தப் படகுகளுக்கு இப்போது இருபது வயது கடந்துவிட்டது. எனவே வயதான ஃபைபர் படகின் உடற்கட்டை எப்படிச் சீரமைப்பது என்பது இந்தக் கரையின் இன்றைய கேள்வி.

மரப்படகைப் பழுதுபார்ப்பது பல தலைமுறைகள் சேர்த்து வைத்த அறிவு. ஃபைபர் படகைச் சீரமைப்பதோ உலகெங்கும் ஒரு மனித ஆயுளுக்குள் உருவான அறிவு. ஒன்றின் பழக்கத்தை மற்றொன்றின் மேல் அப்படியே ஏற்றினால் வேலை கெடுகிறது. ஒன்றிடமிருந்து மற்றொன்று எதையும் கற்றுக்கொள்ளாவிட்டாலும் கெடுகிறது. எனவே உடலின் கட்டு, கேடு தொடங்கும் இடம், அதைக் கண்டறியும் வழி, சீரமைக்கும் முறை, ஆயுள் முடிவு என்ற ஐந்து நிலைகளில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறது இக்கட்டுரை.

உடலின் கட்டு

பலகைப் படகின் உடல் பல உறுப்புகளால் ஆனது. அடியில் ஏராக்கட்டை, அதிலிருந்து இருபுறமும் எழும் வங்குகள், அவற்றின் மேல் பலகைகள், பலகைகளின் இடுக்கில் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து அடைத்த கலப்பற்று. ஒவ்வோர் உறுப்புக்கும் தனி வேலை உண்டு. தனி மரமும் உண்டு: நீரில் நிற்கும் பலகைக்குத் தேக்கோ அயினியோ, வளைந்த வங்குக்கு இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளை. உறுப்புகளைப் பிணைப்பவை ஆணிகள். பழைய மசூலாப் படகில் ஆணியும் இல்லை, வங்கும் இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது உடல் முழுவதும் நெகிழ்ந்து கொடுக்கும். துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியது அந்த நெகிழ்ச்சிதான்.

ஃபைபர் படகில் உடல் ஒரே ஓடு. அச்சின் உட்புறத்தில் முதலில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு வெளிப்பூச்சான ஜெல்கோட்டைப் பூசுகிறார்கள். அது கெட்டியாகும் பதத்தில் கண்ணாடி இழை மேட்டை விரித்து ரெசினால் நனைக்கிறார்கள். அதன் மேல் நெய்த இழைத்துணியான ரோவிங், மறுபடி மேட், மறுபடி ரோவிங். அடுக்கடுக்காக ஏறி எல்லாம் ஒரே பொருளாக இறுகுகிறது. ரெசின் தனியே நொறுங்கும், இழை தனியே துவளும். இரண்டும் சேர்ந்தால்தான் வலு.

இந்த ஓட்டுக்கு ஓர் இயல்பான குறை உண்டு. ஒரு தகடு வளையாமல் நிற்கும் விறைப்பு அதன் கனத்தின் மும்மடியைப் பொறுத்தது. 25 மில்லிமீட்டர் பலகையையும் 6 மில்லிமீட்டர் ஃபைபர் ஓட்டையும் எடுத்துக்கொண்டால், கனத்தால் மட்டுமே பலகை சுமார் 72 மடங்கு விறைப்பானது. போதாததற்கு, மேட்டால் ஆன அடுக்கு, தேக்கின் நார்வாக்கோடு ஒப்பிட்டால், நல்ல தேக்கைவிடவும் எளிதில் வளையக்கூடியது. ஓட்டை மரத்தளவு கனமாக்கவும் முடியாது. ஃபைபர் தேக்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் எடையுள்ள பொருள். எனவே மெல்லிய ஓட்டுக்குள் நீளவாட்டில் சட்டங்களையும் குறுக்கே தடுப்புகளையும் வைத்து ஒட்டி, அவற்றின் துணையால் அதை நிமிர்த்தி நிறுத்துகிறார்கள். இயந்திரம் தொங்கும் பின்பலகையை இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே தடித்த பிளைவுட் வைத்துக் கட்டுகிறார்கள்.

அந்தச் சட்டங்களுக்குள் இருப்பது பெரும்பாலும் மரம், அல்லது பிளைவுட், அல்லது நுரை. பழைய ஃபைபர் படகில் முதலில் சாவது ஃபைபர் அன்று, அதற்குள் மூடி வைத்த மரம். அமெரிக்காவில் 1959-இல் வெளிவந்த, கார்ல் ஆல்பர்க் வடிவமைத்த 28 அடி ‘டிரைட்டன்’ பாய்மரப் படகுகள் இதற்கு நல்ல சான்று. கெட்டியான ஃபைபரில் வார்த்த அவற்றின் அடியுடல் அறுபது ஆண்டுகளைக் கடந்தும் கடலில் இருக்கிறது. மேல்தளத்துக்குள் வைத்த பால்சா மரமோ பல படகுகளில் உளுத்துப்போய், உரிமையாளர்கள் தளத்தை வெட்டித் திறந்து மாற்ற வேண்டியிருந்தது. 1958-இல் வந்த ‘பாஸ்டன் வேலர்’ படகில் இரண்டு ஓடுகளுக்கு நடுவே நுரை நிரப்பினார்கள். அது மூழ்காத படகு என்று பெயர் வாங்கியது. ஆனால் ஓட்டில் விழுந்த துளைகளைக் கவனிக்காமல் விட்டவர்களின் படகில் அந்த நுரை நீரைக் குடித்துப் படகைக் கனமாக்கியது.

கேடு தொடங்கும் இடம்

மரத்துக்கு எதிரிகள் மூன்று: பூஞ்சை, கப்பல் புழு, துரு. மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் இரண்டும் வேண்டும். ஈரம் மரத்தின் எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது வளராது. முழுக்க நீரில் ஊறிக் காற்றே புகாத மரத்திலும் வளராது. உப்பு நீர் அதைத் தடுக்கும், மழைநீர் வளர்க்கும். அதனால்தான் பலகைப் படகு பெரும்பாலும் கடல்நீர் படும் அடியிலிருந்து உளுப்பதில்லை, மழைநீர் தேங்கும் மேல்பகுதியிலிருந்து உளுக்கிறது. கப்பல் புழு இதற்கு நேர்மாறு. ஊசிமுனைத் துளை வழியே இளம்பருவத்தில் நுழைந்து, மேற்பரப்பைத் தொடாமல் உள்ளே குடைந்துகொண்டே வளரும். இரும்பாணி துருப்பிடித்தால் அதைச் சுற்றிய மரம் கறுத்து மென்மையாகி, ஆணி பிடியை இழக்கும்.

ஃபைபர் ஓட்டுக்குப் புழுவும் இல்லை, பூஞ்சையும் இல்லை. அதன் கேடுகள் வேறு. முதலாவது தேய்மானம். நம் கரையில் படகு நாள்தோறும் மணலில் இழுபடுகிறது. ஏராப்பகுதியில் ஜெல்கோட் போய், மேட் தெரிந்து, அறுந்த இழையின் வழியே நீர் உள்ளே ஏறுகிறது. இரண்டாவது சோர்வு. ஒவ்வோர் அலைக்கும் ஓடு சிறிது வளைந்து நிமிர்கிறது. விறைப்பான சட்டம் ஓட்டைத் தொடும் விளிம்பில் அந்த வளைவு ஒரே கோட்டில் குவிந்து, அங்கேதான் முதல் விரிசல் விழுகிறது. மூன்றாவது கொப்புளம். ஆண்டுக்கணக்கில் நீரிலேயே கிடக்கும் படகில் ஜெல்கோட்டை ஊடுருவும் ஈரம், அடுக்குக்குள் கரையக்கூடிய பொருள்களைக் கரைத்து அமிலத் திரவமாகிக் கொப்புளம் கட்டுகிறது. குத்தினால் காடி மணம் வீசும். தினமும் கரையேறி வெயிலில் காயும் படகுக்கு இந்தத் தொல்லை குறைவு. துறைமுகத்தில் மிதந்தே கிடப்பவற்றுக்குத்தான் இது பெரிய சிக்கல்.

எல்லாவற்றிலும் கொடியது நான்காவது: மூடிய மரத்தின் உளுப்பு. பின்பலகையில் இயந்திரத்தை மாட்ட ஒரு துளை, சட்டத்தில் எதையோ முடுக்க ஒரு துளை, நீர் வடிய ஒரு துளை. வெட்டிய மரத்தின் முகத்தை ரெசினால் அடைக்காமல் விட்டால் மழைநீர் அதில் இறங்குகிறது. வெளியே வர வழியில்லை. ஈரமும் சிறிது காற்றும் நிரந்தரமாகக் கிடைக்கும் அந்த இருட்டறையைவிடப் பூஞ்சைக்கு உகந்த இடம் வேறு இல்லை. திறந்த மரம் நனைந்தாலும் காயும். மூடிய மரம் ஒருமுறை நனைந்தால் காயாது. மரப்படகையும் ஃபைபர் படகையும் பிரிக்கும் மிகப் பெரிய வேறுபாடு இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது.

கண்டறிதல்

பலகைப் படகு தன் குறையைச் சீக்கிரம் சொல்லிவிடும். நீர் கசியும். பலகை நிறம் மாறும். கத்திமுனையால் குத்தினால் நல்ல மரம் எதிர்த்து நிற்கும், உளுத்த மரம் உள்வாங்கும். ஆணியைச் சுற்றிக் கரும்வளையம் தெரியும். புழு மட்டும் ஒளியும். அதற்குத்தான் படகைக் கரையேற்றிக் காயவைத்து, அடிப்பலகையைச் சுரண்டிப் பார்க்கும் வழக்கம் இருந்தது. படகுத் தச்சரான ஓடாவியின் கண்ணும் காதும் ஆண்டுதோறும் படகின் மேல் பட்டன.

ஃபைபர் படகு நெடுங்காலம் வாய் திறக்காது. கசிவும் இல்லை, நிறமாற்றமும் இல்லை. பெயின்ட் அடித்தால் புதிது போலவே நிற்கும். அதை வலிந்து பேச வைக்க வேண்டும். பிளாஸ்டிக் சுத்தியல் கொண்டு நெருக்கமாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல அடுக்கு கணீரென்று ஒலிக்கும். பிரிந்த அடுக்கும் உளுத்த மரமும் மந்தமாக ஒலிக்கும். ஒலி மாறும் எல்லையைச் சாக்கட்டியால் வரைந்துகொண்டால் கேட்டின் வரைபடம் கிடைத்துவிடும். இயந்திரத்தின் கீழ்த்தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பின்பலகையைக் கவனிக்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரிய நெளிந்தால் உள்ளே பிளைவுட் போய்விட்டது. சந்தேகமான இடத்தில் உட்புறத் தோலில் மட்டும் சிறு துளையிட்டால், துரப்பணத்தில் வரும் தூள் சொல்லும்: வெளிறிய உலர்ந்த சீவல் வந்தால் நலம், கறுத்த ஈரமான சக்கை வந்தால் உளுப்பு.

ஜெல்கோட்டின் விரிசல்களும் படிக்கத்தக்கவை. ஒரு புள்ளியிலிருந்து விண்மீன் போலப் பரவினால் அங்கே ஏதோ மோதியிருக்கிறது. சட்டத்தை ஒட்டி இணைகோடுகளாக ஓடினால் ஓடு அங்கே ஓயாமல் வளைகிறது. முதலாவதை இடத்திலேயே சரிசெய்யலாம். இரண்டாவதைப் பட்டி போட்டு மூடினால் அடுத்த பருவத்தில் திரும்ப வரும், ஏனெனில் காரணம் உள்ளே சட்டத்தில் இருக்கிறது. விரிசலை மூடுவதையே சீரமைப்பு என்று எண்ணும் பழக்கத்தால்தான் நம் கரையில் பல நல்ல ஓடுகள் வீணாகின்றன.

சீரமைக்கும் முறை

மரப்படகில் முறை நேரானது. கெட்ட பலகையின் ஆணியைப் பிடுங்கி அதைக் கழற்றுகிறார்கள். கழற்றியதையே அளவாக வைத்துப் புதுப்பலகை அறுக்கிறார்கள். வளைவுக்கு ஏற்பச் சூடாக்கி வளைத்து வங்கில் பொருத்துகிறார்கள். இடுக்கில் கலப்பற்று அடிக்கிறார்கள். கடலில் இறக்கியதும் மரம் ஊறிப் பருத்து இடுக்குகள் தாமே இறுகுகின்றன. இழுத்துக்கட்டிய தையலில்கூட இதே நெறிதான். நைந்த கயிற்றைப் பிரித்து முழுப் படகையும் மறுபடி தைத்துவிடலாம். உறுப்பைப் பிரிக்க முடியும் என்பதே இதன் பலம். புதுப்பலகை பழைய பலகையோடு ஒட்ட வேண்டியதில்லை, பக்கத்தில் நெருக்கி நின்றால் போதும்.

ஃபைபரில் பிரிக்க எதுவும் இல்லை. வெட்ட வேண்டும், பின் ஒட்ட வேண்டும். இங்கேதான் பலர் அறியாத ஓர் உண்மை இருக்கிறது. படகு கட்டும்போது ஓர் அடுக்கு முழுதாக இறுகும் முன்னே அடுத்தது ஏறுவதால் இரண்டும் வேதிமுறையில் ஒன்றாகிவிடுகின்றன. இருபது ஆண்டு பழைய ஓட்டின் மேல் ஏற்றும் புது அடுக்குக்கு அந்த உறவு கிடைக்காது. அது பழைய பரப்பின் கீறல்களைப் பற்றிக்கொண்டு மட்டுமே நிற்கிறது. ஆகவே சீரமைப்பின் வலு ரெசின் வாளியில் பாதி இருந்தால், மீதிப் பாதி கிரைண்டரில் இருக்கிறது. பெயின்ட், எண்ணெய், மெழுகு எதுவும் மிஞ்சாமல் துடைத்து, 40 முதல் 80 எண் உப்புத்தாளால் பளபளப்பு முழுதும் போகும்வரை தேய்த்து, தூசியை நீக்கி, ஈரத்தை உலர்த்தி, அதன் பிறகே மேட்டைத் தொட வேண்டும்.

பின்பலகையை மாற்றும் வேலையை வரிசையாகப் பார்க்கலாம். முதலில் படகை நேராகத் தாங்கல் கொடுத்து நிறுத்த வேண்டும். சட்டங்களை எடுத்துவிட்டால் ஓடு தன் எடையிலேயே உருமாறும். உருமாறிய நிலையில் புதுச்சட்டம் ஒட்டினால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். தாங்கல்கள் எங்கே நிற்கின்றன, ஓட்டின் அகலம் எங்கே எவ்வளவு என்று முன்பே குறித்துக்கொள்வது நல்லது. அடுத்து வெளித்தோலைத் தொடாமல் உட்தோலை மட்டும் விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி வெட்டி எடுக்க வேண்டும். வெளித்தோல்தான் படகின் வடிவத்தைக் காக்கிறது. உளுத்த மரத்தைச் சுரண்டி எடுத்து, நல்ல ஃபைபர் தெரியும்வரை தேய்த்து, நாள்கணக்கில் காயவிட வேண்டும்.

புது மரத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டே தகும். அறைகலன் கடையில் கிடைக்கும் சாதாரணப் பிளைவுட் ஈரத்தில் அடுக்குவிட்டுப் போகும். வெட்டிய பலகையின் எல்லா முகங்களையும், சிறப்பாக நார்முனை தெரியும் ஓரங்களை, ரெசினால் நனைத்து அடைக்க வேண்டும். கெட்டியாக்கிய ரெசின் கலவையை வெளித்தோலின் உட்புறத்தில் தாராளமாகப் பரப்பி, பலகையை அழுத்திப் பிடிகளால் இறுக்க வேண்டும். நடுவே காற்றுப்பை எஞ்சினால் அங்கேயே அடுத்த உளுப்பு தொடங்கும். மூலைகளை அதே கலவையால் வளைவாக நிரப்பி, அதன் மேல் இழை அடுக்குகளை ஒன்றைவிட ஒன்று அகலமாக, விளிம்புகள் ஒரே இடத்தில் முடியாமல் படிப்படியாக இறக்கி ஏற்ற வேண்டும். செங்குத்து மூலையில் இழை மடிந்து நிற்காது, வளைவான மூலையில்தான் படியும்.

நீளச்சட்டங்களுக்கும் இதே முறைதான், ஒரு கூடுதல் கவனத்தோடு. மரச்சட்டம் ஓட்டை நேரடியாகத் தொடக்கூடாது. நடுவே மென்மையான நுரைப்பட்டையோ கலவையோ இருந்தால் அழுத்தம் பரவும். அப்படியில்லாவிட்டால் அந்தக் கோட்டில் மறுபடி விரிசல் விழும். நீர் வடிவதற்கு விட்ட துளைகளின் உட்பக்கத்தையும் ரெசினால் மூட வேண்டும். கடைசியாக, இயந்திரத்தைத் திரும்ப மாட்டும் துளைகள். வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளையிட்டு, எபாக்சி ரெசின் கலவையால் முழுக்க நிரப்பி, அது இறுகிய பின் நடுவில் சரியான அளவில் மறுதுளை போட வேண்டும். அப்போது போல்ட் மரத்தைத் தொடாது, நீருக்கும் மரத்துக்கும் வழி அற்றுவிடும். இந்தச் சிறு வேலையைச் சோம்பலில் விட்டால் மற்ற எல்லா உழைப்பும் சில ஆண்டுகளில் வீணாகும்.

சாய்வில் சந்திக்கும் இரு தொழில்கள்

இவ்வளவு வேறுபாட்டுக்கு நடுவே இரண்டு தொழில்களும் ஒரே முடிவுக்கு வந்து சேரும் இடம் ஒன்று உண்டு. நீளம் போதாத இரண்டு பலகைகளைச் சேர்க்கும் மரவேலைக்காரர் முனைகளைச் செங்குத்தாக வெட்டி ஒட்டுவதில்லை. இரண்டையும் நீண்ட சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படிய வைக்கிறார். கனத்தைப்போல எட்டு மடங்கிலிருந்து பன்னிரண்டு மடங்குவரை சாய்வின் நீளம் இருக்க வேண்டும் என்பது படகுத் தச்சின் நெறி. 25 மில்லிமீட்டர் பலகைக்கு எட்டு மடங்கு என்றால் 200 மில்லிமீட்டர்.

ஃபைபர் ஓட்டில் விழுந்த ஓட்டையை அடைக்கும்போதும் நெறி அதுதான். துளையின் விளிம்பைச் சுற்றிலும் கனத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். 6 மில்லிமீட்டர் ஓட்டில் 10 சென்டிமீட்டர் துளை என்றால், ஒவ்வொரு பக்கமும் 72 மில்லிமீட்டர் சாய்வு. ஒட்டு மொத்தம் 24 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாகும். சின்னத் துளைக்கு இவ்வளவு பெரிய ஒட்டா என்று படகுக்காரர் தயங்குவார். காரணம் எளிது. ஒட்டிய பரப்பு தாங்கும் சுமை பரப்பின் அளவைப் பொறுத்தது. செங்குத்து விளிம்பில் வைத்த ஒட்டுக்குப் பற்றிக்கொள்ள 6 மில்லிமீட்டர் மட்டுமே உண்டு, சாய்வில் வைத்ததற்குப் பன்னிரண்டு மடங்கு உண்டு. சாய்வு இணைப்பின் பயனை அறிந்த ஓடாவிக்கு ஃபைபர் வேலையின் இந்தப் பாடத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் கரையின் மரத்தச்சர்களை ஃபைபர் பட்டறைகளுக்குள் அழைத்து வர இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

பாலியஸ்டரா, எபாக்சியா

மரப்படகுக்கு எந்த மரம் என்பது முதல் கேள்வி என்றால், ஃபைபர் சீரமைப்பில் எந்த ரெசின் என்பது முதல் கேள்வி. நம் பட்டறைகளில் படகு வார்க்கப் பயன்படுவது பாலியஸ்டர். விலை குறைவு. எடையில் 1 முதல் 2 விழுக்காடு கேட்டலிஸ்ட் சேர்த்தால் இறுகும். வெயில் அதிகமானால் அளவைச் சற்றுக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் இறுகிய பழைய பரப்பையும் மரத்தையும் அது இறுகப் பற்றுவதில்லை. இறுகும்போது சுருங்குவதும் அதிகம்.

எபாக்சி விலை கூடியது. மரத்தையும் பழைய ஃபைபரையும் நன்றாகப் பற்றும், குறைவாகச் சுருங்கும், ஈரத்தையும் நன்கு தடுக்கும். ஆனால் அதை இறுக வைக்கும் ஹார்டனர் வேதிவினையில் சரிபங்கு ஏற்கும் பொருள். பாலியஸ்டர் பழக்கத்தில் கூட்டிக் குறைத்து ஊற்றினால் எபாக்சி ஒருநாளும் முழுதாக இறுகாது. சொல்லப்பட்ட விகிதத்தை அளந்தே கலக்க வேண்டும். இறுகிய எபாக்சியின் மேல் மெழுகு போல ஒரு படலம் எழுவதுண்டு. அதைத் தண்ணீரால் கழுவித் தேய்க்காமல் அடுத்த அடுக்கு ஏற்றினால் ஒட்டாது. சாதாரண மேட்டின் இழைகளைப் பிணைக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரையும், எபாக்சியில் சரியாகக் கரையாது. எனவே எபாக்சிக்குத் தைத்த இழைத்துணியே பொருத்தம்.

நடைமுறையில் என் பரிந்துரை இது: மரம் சேரும் இடங்களான பின்பலகைக்கும் சட்டங்களுக்கும், நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஓட்டைகளுக்கும் எபாக்சி, தேய்ந்த ஏராவின் மேல் கனம் சேர்ப்பது போன்ற வேலைகளுக்கு நன்றாகத் தேய்த்த பரப்பில் பாலியஸ்டர். மாற்றுவதற்கு ஆகும் உழைப்போடு ஒப்பிட்டால் பின்பலகைக்குத் தேவைப்படும் எபாக்சியின் கூடுதல் விலை சிறிது.

மரமும் ஃபைபரும் சேரும்போது

இரண்டு உலகமும் ஒரே உடலில் சேர்வதும் உண்டு. 1980-களில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் பிளைவுட் தகடுகளைக் கம்பியால் தைத்து, இணைப்புகளை ஃபைபரால் மூடிக் கட்டிய படகுகள் தோன்றித் தென்கோடிக் கரையில் பரவின. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், பாதுகாப்பு மருந்தேற்றிய ரப்பர் மரத்தின் மேல் ஃபைபர் போர்த்திய தோணிகளை உருவாக்கியது. பிளைவுட் ஈரத்தால் அதிகம் பருத்துச் சுருங்காத பொருள் என்பதால் அதன் மேல் ஃபைபர் போர்வை நிற்கிறது.

ஆனால் பழைய பலகைப் படகின் மேல் ஃபைபர் போர்த்தி ஆயுளை நீட்டலாம் என்று கருதுவது ஆபத்தானது. பலகைகள் தனித்தனியே பருத்துச் சுருங்கும். இறுகிய ஃபைபர் அசையாது. ஒட்டு விட்டுப்போகும், இடையில் நீர் புகும், மூடிய மரம் உளுக்கும். மரப்படகின் பலமான பிரித்து மாற்றும் வசதியும் போய்விடும், ஃபைபரின் பலமான ஒற்றை ஓடும் கிடைக்காது.

வேலை செய்யும் உடல்

மரத்தூளும் நுரையீரலுக்குக் கெடுதி. ஆனால் ஃபைபர் பட்டறையின் ஆபத்து இன்னும் பெரிது. கண்ணாடித் தூசி தோலில் குத்தும், மூச்சில் இறங்கும். பாலியஸ்டரின் ஸ்டைரீன் ஆவி தலைசுற்றலைத் தரும். எபாக்சி ஹார்டனர் படப்படத் தோல் ஒவ்வாமை ஏற்பட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்காது. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கேட்டலிஸ்ட்டையும், பாலியஸ்டர் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதும் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். வெறுங்கையோடும் வாயில் கட்டிய துண்டோடும் வேலை செய்ய வைக்கும் பட்டறைகள் தம் தொழிலாளிக்கு அநீதி இழைக்கின்றன. ஆவியை வடிக்கும் முகக்கவசமும் கண்ணாடியும் கையுறையும் ரெசினின் விலையோடு சேர்த்தே கணக்கிடப்பட வேண்டியவை.

ஆயுளின் முடிவு

பலகைப் படகு செத்தால் மண்ணுக்குப் போகிறது, அல்லது அடுப்புக்குப் போகிறது. அதன் நல்ல பலகை இன்னொரு படகுக்குப் போகிறது. ஃபைபர் ஓடு மக்காது. எரித்தால் நச்சுப்புகை எழும், கண்ணாடி எஞ்சும். உருக்கி மறுவார்ப்பு செய்யவும் முடியாது, ஏனெனில் ஒருமுறை இறுகிய ரெசின் திரும்ப இளகாது. ஐரோப்பாவில் சில இடங்களில் அதைத் தூளாக்கி சிமென்ட் சூளைகளில் இடுகிறார்கள். பிரான்சில் 2019 முதல் பழைய உல்லாசப் படகுகளைப் பிரித்தழிக்கும் ஏற்பாட்டின் செலவைப் படகு உற்பத்தித் துறையே ஏற்கும் முறை நடக்கிறது. நம் கரையில் கைவிட்ட ஓடுகள் ஊரின் ஓரத்திலும் முகத்துவாரத்திலும் கிடக்கின்றன.

ஒப்பிட்டுப் பார்த்ததில் துலங்குவது இதுதான். பராமரிப்பே வேண்டாத படகு என்று சொல்லித்தான் ஃபைபரை விற்றார்கள். அந்த ஒரு வாக்கால், மரப்படகுக்கு ஆண்டுதோறும் கிடைத்த கவனிப்பு ஃபைபருக்குக் கிடைக்காமல் போயிற்று. ஓடு அரை நூற்றாண்டு வாழக்கூடியது. அதன் உள்ளிருக்கும் சட்டமும் பின்பலகையும் அதில் பாதிகூட வாழாது. ஓட்டின் ஆயுளை உள்மரத்தின் ஆயுளோடு முடித்துக்கொண்டால், நல்ல ஓட்டையும் சேர்த்தே குப்பையாக்குகிறோம்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. படகுகள் கடலுக்குப் போகாமல் கரையில் நிற்கும் நாள்கள் ஆண்டுதோறும் உண்டு. வலையைச் சீர்செய்யும் அந்த நாள்களில் படகையும் சுத்தியலால் தட்டிப் பார்க்கட்டும். பின்பலகையை அசைத்துப் பார்க்கட்டும். திறந்த துளைகளை அடைக்கட்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் சாய்வுத் தேய்ப்பும் பின்பலகை மாற்றமும் தெரிந்த ஒருவரையாவது ஊருக்கு ஊர் பயிற்றுவிக்கட்டும். புதுப்படகு வாங்க மானியம் தரும் அரசு, பழைய ஓடுகளை முறையாகச் சீரமைப்பதற்கும் அதில் ஒரு பங்கைத் தரட்டும். மரப்படகு நமக்குக் கற்றுத்தந்த ஆண்டுக் கவனிப்பை ஃபைபர் படகுக்கும் கொடுத்தால், இருபது வயதான ஓடு இன்னும் ஒரு தலைமுறைக்கு மீன்பிடிக்கப் போகும்.